எங்கள் ஓட்டைக் கேட்டு வரும் கட்சிகளுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

ம.இ.கா., ஜ.செ.க., கெஅடிலான் தலைவர்களுக்கும், அடுத்த தேர்தலில் இந்தியர் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மற்ற கட்சிக்காரர்களுக்கும்,

அண்மையில் எங்கள் பட்டணத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஆளுங்க கஷ்டமான வேலைக்குப் போக மாட்டேங்கிறாங்க, அதனாலதான் அந்நியத் தொழிலாளி வர்றான்" என்று பேசினார். எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. இதே பேச்சை நான் எல்லாக் கட்சி மேடையிலும் கேட்டிருக்கிறேன். கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் செம்பனைக் குலை வெட்டித் தோள்பட்டை இறங்கிப்போனவர்கள், களைக்கொல்லி மருந்து அடித்து நகம் கறுத்துப்போனவர்கள். பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒய்.பி.யை, அதாவது மக்கள் பிரதிநிதியை, எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் என்பதால் யாரும் எழுந்து கேட்கவில்லை. அதை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். சம்மதம் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா பால் வெட்டினார், ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு களை எடுத்தார். நான் உரம் போட்டேன், உதிரிப்பழம் பொறுக்கினேன், முதுகில் மருந்துத் தோம்பை (கலனை) சுமந்துகொண்டு மருந்து அடித்தேன். அந்த மருந்துகளில் ஒன்றான பரக்குவாட்டை இந்த நாட்டில் 2020-ல்தான் தடை செய்தார்கள், அதற்குள் எங்கள் தலைமுறைப் பெண்கள் அடித்து முடித்திருந்தோம். என் வீட்டுக்காரர் குலை வெட்டினார். அப்போது தோட்டமே எங்களை நேரடியாக வேலைக்கு வைத்திருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள், சேமநிதி பிடிப்பார்கள், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி உண்டு, பிள்ளைப்பேற்றுக்கு விடுப்பு உண்டு. கூலி கொஞ்சம்தான், ஆனாலும் நான் யாருடைய தொழிலாளி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

முதலில் உரம் போடும் வேலையைக் கொந்திராக்டரிடம் கொடுத்தார்கள். அப்புறம் மருந்து. அப்புறம் உதிரிப்பழம். பெண்கள் செய்த வேலைகள்தான் முதலில் போயின, இதை உங்களில் ஒருவர்கூட ஓர் அறிக்கையில் சொல்லி நான் படித்ததில்லை. கொந்திராக்டர் கொண்டுவந்தவர்கள் முதலில் இந்தோனேசியர்கள், பிறகு வங்காளதேசத்துப் பையன்கள். எங்களை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. "நீங்களும் கொந்திராக்கில் சேருங்கள், ரேட்டு இவ்வளவு" என்றார்கள். அந்த ரேட்டு எங்கள் நாள்கூலியைவிடக் குறைவு, சேமநிதி கிடையாது, மழை பெய்தால் காசு கிடையாது, பாம்பு கடித்தால் கேட்க ஆள் கிடையாது. முடியாது என்றோம். உடனே, உள்ளூர் ஆள் வரவில்லை என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார்கள். இதைத்தான் நீங்கள் மேடையில், நாங்கள் வேலைக்குப் போக மாட்டோம் என்று சொல்கிறீர்கள்.

சில வருஷம் கழித்து வெட்டு வேலையும் அதே வழியில் போனது. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும், அது தெரியாத அரசியல்வாதி பேராக்கில் இருக்க முடியாது. லயத்தைக் காலி செய்துவிட்டு மலிவு விலை தாமானில் (குடியிருப்பில்) வாடகைக்கு வந்தோம். வீட்டுக்காரர் இப்போது ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் பார்க்கிறார். நான் சமைத்து விற்கிறேன்.

கஷ்டமான வேலை என்று சொன்னீர்கள் அல்லவா. என் மூத்த மகன் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, விடிவதற்கு முன்பே மோட்டாரில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை, பாதி நாள் இரவுப் பணி. எங்கள் தெருவில் மட்டும் அவனைப் போல இன்னும் பல பிள்ளைகள் இருக்கிறார்கள். கப்பல் பட்டறை, துப்புரவு, கட்டுமானம் என்று அங்கே போய்ச் செய்கிறார்கள். அங்கே அவன்தான் வெளிநாட்டுத் தொழிலாளி. அதே பிள்ளை, அதே உடம்பு, எல்லையைத் தாண்டினால் உழைப்பாளி, இங்கே இருந்தால் சோம்பேறியா? கூலியைப் பற்றிப் பேசாமல் உழைப்பைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று 2013-ல்தான் வந்தது, அதுவும் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்). 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளி ஆனது. இந்தோனேசியாவிலிருந்து ஆள் எடுக்க மேடானில் ஒப்பந்தம் போட்டது 1984-ல். இடைப்பட்ட அந்த முப்பது வருஷத்தில் ஆள் தட்டுப்பாடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆள் தட்டுப்பாடு என்றால் கூலி ஏற வேண்டும், எங்களுக்கு ஏறவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் கூலியை ஏற்றுவதற்குப் பதில் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த வருஷங்களில் எங்கள் பெயரைச் சொல்லி அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அது பழைய கதை என்பீர்கள். புதிய கதைக்கு வருவோம். 2023-ல் முடிதிருத்தும் நிலையம், ஜவுளிக்கடை, நகைக்கடை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 7,500 அந்நியத் தொழிலாளர்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. இந்தியச் சமூகத்தின் கோரிக்கை நிறைவேறியதாக வரவேற்றார்கள். அந்தக் கடைக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது, ஆள் கிடைக்காமல் கடையை மூடியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே துணி மடிக்கும் பெண்ணும் அதே சமூகம்தானே? அவளுக்கு என்ன சம்பளம், உட்கார நாற்காலி உண்டா, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டா என்று அந்த ஒப்புதலுக்கு முன்னால் யார் கேட்டீர்கள்? சமூகத் தலைவர்கள் சந்திப்பு என்றால் முதலாளிகள் சங்கம் வருகிறது, கோயில் நிர்வாகம் வருகிறது, அரசு சாரா அமைப்பு வருகிறது. கூலி வாங்குகிறவனை மண்டபத்தில் கூட்டம் சேர்க்க மட்டும்தான் பேருந்து அனுப்பிக் கூப்பிடுகிறீர்கள்.

இன்னொரு பக்கத்து அரசியல்வாதிகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எங்களைச் சோம்பேறி என்று சொல்வதில்லை, அதற்குப் பதிலாக வந்தவர்களைக் கள்ளன் என்றும் நோய் பரப்புகிறவன் என்றும் சொல்லி எங்களைச் சூடேற்றப் பார்க்கிறீர்கள். குடிநுழைவு இலாகாவின் லோரியில் அவர்களை ஏற்றும் வீடியோவைப் பகிர்ந்துவிட்டால் எங்கள் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அவர்களை ஏற்றிக்கொண்டு போன மறுவாரமே அதே கொந்திராக்டர் வேறு ஆட்களோடு வேலையைத் தொடங்குவதை நாங்கள் பார்க்கிறோம். கொந்திராக்டர் லோரியில் ஏறியதை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை.

நாங்கள் காலி செய்த லயத்தில் இப்போது வங்காளதேசத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் சாப்பாடு வாங்குகிறார்கள், அரைகுறை மலாயில் பேசுவோம். ஒரு பையன், என் இளைய மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும், ஊரில் அப்பாவுடைய நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவன். பாஸ்போர்ட் அவன் கையில் இல்லை. பெர்மிட்டில் யார் பெயர் இருக்கிறதோ அந்த முதலாளியிடம்தான் வேலை செய்ய வேண்டும், விட்டுப் போனால் அன்றைக்கே சட்டவிரோதி. கூலி குறைத்தாலும் இருப்பான், நேரம் கூட்டினாலும் இருப்பான், கடன் தீரும்வரை அவனுக்கு வேறு வழி கிடையாது. ஏன் அவனை எங்களைவிட விரும்புகிறார்கள் என்பதற்கு முதல் காரணம் இதுதான். நான் சண்டை போடுவேன், சங்கத்துக்குப் போவேன், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவேன். விட்டுப்போக முடியாத ஒருவனை என் பக்கத்தில் நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சந்தையில் கூலி பேசினால் யாருடைய கூலி இறங்கும்?

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. மாதம் 1,700 வெள்ளி வாங்கும் உள்ளூர் ஆளுக்கு முதலாளி சேமநிதியில் 13 விழுக்காடு கட்ட வேண்டும், அது 221 வெள்ளி. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்துதான் அது கட்டாயமானது, அதுவும் 2 விழுக்காடு, அதாவது 34 வெள்ளி. வித்தியாசம் மாதம் 187 வெள்ளி, வருஷத்துக்கு 2,244. தீபகற்பத்தில் தோட்டத் துறையில் ஓர் அந்நியத் தொழிலாளிக்கு அரசுக்குக் கட்டும் லேவி வருஷம் 640 வெள்ளி. லேவியைக் கட்டிய பிறகும் அவனை வைத்தால் முதலாளிக்கு வருஷத்துக்கு 1,604 வெள்ளி மிச்சம். விமான டிக்கெட், மருத்துவச் சோதனை, தங்குமிடம் எல்லாம் எங்கள் செலவுதான் என்று முதலாளிகள் சொல்வார்கள். அதையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள், அதில் எவ்வளவு கடைசியில் அந்தப் பையனின் கடனில் போய் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் ஜொகூர் பெங்கெராங்கில் 171 வங்காளதேசத் தொழிலாளர்கள், கொண்டுவந்தவர்கள் வேலையே தரவில்லை என்று புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்கு நடந்து போனார்கள், அவர்களையே பிடித்து வைத்தார்கள். வேலையே இல்லாத இடத்துக்கு அத்தனை பேரைக் கொண்டுவர அனுமதி கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் ஆள் தட்டுப்பாடு என்று எழுதிக் கொடுக்கும் கடிதத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. எங்கள் தோட்டத்தில் 'உள்ளூர் ஆள் வரவில்லை' என்று எழுதியதையும் யாரும் வந்து விசாரிக்கவில்லை.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. அந்நியத் தொழிலாளியை வைப்பதற்காக உள்ளூர்த் தொழிலாளியை நிறுத்தக்கூடாது என்று 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எம் பிரிவு சொல்கிறது. ஆட்குறைப்பு என்று வந்தால் முதலில் வெளிநாட்டுத் தொழிலாளியைத்தான் குறைக்க வேண்டும் என்று 60என் சொல்கிறது. 2023 ஜனவரியிலிருந்து அந்நியத் தொழிலாளியை எடுக்கத் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநரின் முன் அனுமதி வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பழைய சங்கத்துக்காரர், எந்தக் கட்சிக் கிளையும் இல்லை. ஆனால் கொந்திராக்டர் நடுவில் வந்துவிட்டால் இந்தப் பிரிவுகள் எங்களைத் தொடுவதே இல்லை. தோட்டம் சொல்லும், நாங்கள் யாரையும் எடுக்கவில்லை. கொந்திராக்டர் சொல்லுவார், நான் யாரையும் நிறுத்தவில்லை. நாங்கள் புகாரோடு போன அலுவலகத்தில், நீங்களாகத்தானே வேலையை விட்டீர்கள் என்று கேட்டார்கள். உங்கள் கட்சி ஒன்றின் சேவை மையத்துக்குப் போனோம், மனுவை வாங்கிக்கொண்டு ஒரு பை அரிசி கொடுத்தார்கள். நாங்கள் அரிசி கேட்டுப் போகவில்லை.

வந்தவர்களை விரட்டினால் போதும் என்று என்னால் ஏன் சொல்ல முடியவில்லை என்பதற்கு என் குடும்பத்திலேயே காரணம் இருக்கிறது. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறியவர் என் தாத்தா, அந்தக் கடனை அடைக்கும்வரை வேறு தோட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை. 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பாட்டியின் தங்கை குடும்பம் தோட்டத்து வேலையை இழந்து நாகப்பட்டினத்துக்குத் திரும்பிப் போனது. அந்தக் காலத்தில் சுமார் 60,000 பேர் அப்படிப் போனார்கள். இங்கேயே பிறந்து, குடியுரிமைக் கார்டு மட்டும் கிடைக்காமல் போனவர்களும் அதில் உண்டு. பெர்மிட் என்ற ஒரு காகிதம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எங்கள் ஊருக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், எங்கள் ஆட்களின் கோபத்தை இனவெறி என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம், அதைத் தூண்டிவிட்டு ஓட்டாக்கவும் வேண்டாம். அந்தக் கோபத்துக்குக் கீழே கூலிப் பிரச்சினை இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சுங்கை சிப்புட்டுக்கு நினைவு நிறைய உண்டு. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, 1960-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கிய, ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். தொழிலாளியின் பிரச்சினைக்குத் தொழிலாளியை வைத்தே ஒரு வழி கண்டார், அவர் படத்துக்கு மாலை போடும்போதாவது அதை நினைத்துப் பாருங்கள். அப்புறம் 1974 முதல் சாமிவேலு என்ற ஒரே தலைவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். 2007 நவம்பர் 25-இல் இண்ட்ராஃப் பேரணியில் கோலாலம்பூர் தெருவில் எங்கள் ஆட்கள் கண்ணீர்ப்புகையில் நின்றார்கள், அடுத்த மார்ச்சில் இந்தத் தொகுதி அந்தத் தலைவரைத் தோற்கடித்தது. 2018-ல் நாடே ஆட்சியை மாற்றியது. ஒவ்வொரு முறையும் ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அதே கொந்திராக்டர், அதே ரேட்டு.

அதனால் இப்போது என்ன நடக்கிறது என்று உங்கள் கிளைத் தலைவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். 18 வயதில் தானாகவே வாக்காளர் ஆன என் இளைய மகள் 2022-ல் ஓட்டுப் போடவில்லை. "யாருக்குப் போட்டாலும் அண்ணன் சிங்கப்பூர்லதானம்மா இருப்பான்" என்றாள். எங்கள் தாமானில் சில ஆண்கள், அந்நியரை எல்லாம் அனுப்பிவிடுவோம் என்று யார் சத்தமாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கே போடலாம், நம்மை ஒதுக்குகிறவர்களாக இருந்தாலும் பரவாயில்லை என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நான் அவர்களோடு சண்டை போடுகிறேன். ஆனால் உங்களுக்குப் போடுங்கள் என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் மீதி இல்லை. நாட்டில் நாங்கள் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு, நாங்களே பெரும்பான்மையாக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது, அதனால் எங்களை வேறு போக்கிடம் இல்லாதவர்களாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்பதும் ஒரு போக்கிடம்தான், பலர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இனி எங்கள் கோரிக்கைகள். கூலி உயர்வைப் பற்றிப் பொதுவாகப் பேசிவிட்டுப் போகாமல் இவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் எந்தத் தோட்டத்துக்கு, எந்தக் கொந்திராக்டருக்கு எத்தனை அந்நியத் தொழிலாளர் அனுமதி கொடுக்கப்பட்டது, அதற்கு முன் உள்ளூரில் எந்தச் சம்பளத்துக்கு ஆள் கேட்டார்கள், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதை நாடாளுமன்றத்தில் கேட்டு வாங்கி எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் போட்டோம் என்பது எங்கள் ஊருக்குப் போதாது, தோட்டத்து அறிவிப்புப் பலகையிலும் பட்டணத்திலும் சம்பளத் தொகையோடு தமிழிலும் மலாயிலும் ஒட்ட வேண்டும்.

நேரடி வேலையைக் கொந்திராக்குக்கு மாற்றி, குறைந்த ரேட்டுக்கு வா என்று சொல்வதையும் வேலையிலிருந்து நிறுத்துவதாகவே கருதி 60எம் பிரிவுக்குள் கொண்டுவரத் திருத்தம் கொண்டுவாருங்கள். கொந்திராக்டர் செய்யும் தவறுக்குத் தோட்ட நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும்.

வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளி அதே 13 விழுக்காடு சேமநிதி கட்டட்டும். அவன் ஊருக்குப் போகும்போது கையில் காசு இருக்கும், எங்களைத் தள்ளிவிட்டு அவனை எடுப்பதில் இருக்கும் லாபமும் போகும். அதோடு, தோட்டத் துறைக்குள்ளேயே முதலாளியை மாற்றிக்கொள்ள அவன் பெர்மிட்டில் வழி செய்யுங்கள். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கும் கொந்திராக்டருக்கு மறுபடி ஆள் எடுக்க அனுமதி கொடுக்கக்கூடாது.

அரசின் ஐந்தாண்டுத் திட்டமான பதின்மூன்றாவது மலேசியத் திட்டத்தில் அந்நியத் தொழிலாளர் விகிதத்தை 2030-க்குள் 10 விழுக்காட்டுக்கும் 2035-க்குள் 5 விழுக்காட்டுக்கும் குறைப்பதாக எழுதியிருக்கிறார்கள். நல்லது, ஆனால் அந்த இடத்துக்கு யார், என்ன சம்பளத்துக்கு, எந்த வீட்டில் இருந்துகொண்டு வருவார்கள் என்பதைத் தோட்டத் துறைக்கு மட்டுமாவது தனியாக எழுதிக் காட்டுங்கள். அதைத் தயாரிக்கும் மேசையில் தொழிலாளிகள் உட்கார வேண்டும், குறிப்பாகக் களத்தில் வேலை செய்த பெண்கள். வேலை விட்ட குடும்பத்துக்கு வேறு வீடு கிடைக்கும்வரை தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லக்கூடாது என்பதையும் அதில் சேருங்கள்.

எங்கள் ஆட்கள் வேலைக்குப் போக மாட்டார்கள் என்று மேடையில் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்த பொதுத்தேர்தலுக்கு இந்தத் தொகுதி வேட்பாளரை அறிவிக்கும் முன்பு உங்கள் கட்சியின் பதில் எழுத்தில் வர வேண்டும், தமிழிலும் மலாயிலும், தலைமையின் கையெழுத்தோடு. வந்த பதில்களை எங்கள் தாமான் மண்டபத்தில் எல்லாரையும் கூட்டி முழுவதும் படித்துக் காட்டுவோம், பதில் தராத கட்சிகளின் பெயரையும் அதே கூட்டத்தில் படிப்போம்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்